ஒரு மீட்டர் வெள்ளையன்

“காலர் வரைக்கும் வரட்டும். அப்புறம் பேசு,” என்றாள் அக்கா.

“தெர்மோஸ்டாட்டா இருக்கும்க்கா. இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானா அணையும், ஆறினதும் தானா எரியும். அப்ப லைட்டு லேசா மங்கும். எல்லா வீட்லயும் நடக்கிறதுதான்.”

“அதுக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வரும். பதினாலு வருஷமா துணி தேய்க்கிறேன், அதுகூடவா தெரியாது? இது அது இல்ல, குட்டி.”

அக்கா மேசைமேல் பழைய போர்வையை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் அத்தானின் நீலக்கட்டச் சட்டையைக் கிடத்தியிருந்தாள். போட்டிருந்தாள் என்று சொல்ல மனம் வரவில்லை. கைகள் இரண்டும் பக்கத்தில் நீண்டு, பொத்தான்கள் திறந்து, அது படுத்திருக்கிற மாதிரியே இருந்தது.

அத்தான் போய் ஒன்பது மாதம் ஆகிறது. காலை ஷிஃப்டுக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் வந்தபோது எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தாராம். அந்த ஹாரனை அக்கா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இருவருமே அதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவருக்கு ஐந்து சட்டைகள். போன வாரம் அக்கா போனில், பால்காரர் வருவதைச் சொல்கிற குரலில், சாயங்காலம் அவர் வருகிறார் என்று சொன்னாள். எப்போது என்று கேட்டேன். தேய்க்கிறபோது என்றாள். சட்டை தேய்க்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், முதுகு முடிந்து, கைகள் முடிந்து, காலருக்கு வருகிற நேரத்தில் வருகிறாராம். முதலில் விளக்கு. அப்புறம் வாசனை. அப்புறம் சுவரில் சூடு. அதற்குமேல் போனில் சொல்ல மாட்டேன், வந்து பார் என்று வைத்துவிட்டாள்.

அதனால் வியாழக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் மாறி இங்கே வந்திருந்தேன். மணி ஆறரை. ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர் வீட்டு மாடியில் யாரோ கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா முதுகை முடித்தாள். வலது கை, இடது கை. பெட்டியிலிருந்து டிக் என்று சத்தம் வந்தது, சிவப்புப் பொட்டு விளக்கு அணைந்தது. மேசைக்கு மேலே இருந்த பல்பு அசையாமல் எரிந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். “கேட்டுச்சா? அது உன் தெர்மோஸ்டாட்டு. உன் கட்சி தோத்துப் போச்சு.”

மறுபடி டிக். பெட்டி எரிய ஆரம்பித்தது. அவள் சட்டையைத் திருப்பிப் போட்டு, காலரை விரலால் நீவி, பெட்டியின் முனையை அதன் ஓரத்தில் வைத்தாள்.

பல்பு மங்கியது. முழுக்க அணையவில்லை, யாரோ உள்ளங்கையால் மூடித் திறந்த மாதிரி. ஒரு நீண்ட மங்கல், அப்புறம் இரண்டு சின்னச் சிமிட்டல்கள். எங்கேயோ சுவருக்குள் மிக மெல்லிய சத்தம், எண்ணெயில் தண்ணீர்த் துளி விழுந்த மாதிரி.

அப்புறம் வாசனை வந்தது.

எனக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். நானும் அத்தானும் ஒரே கேபிள் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தோம். நான் டெஸ்ட் ரூமில். அவர் கோட்டிங் பகுதியில், உலோகக் கம்பிக்கு மேலே சூடான பிவிசியைப் போர்த்துகிற மெஷினில். இனிப்பும் கசப்பும் கலந்த, தொண்டையில் மெழுகு மாதிரி படிகிற வாசனை அது. எவ்வளவு குளித்தாலும் அவர் காதுமடலுக்குப் பின்னால் அது மிச்சமிருக்கும் என்று அக்கா முன்பு கேலி செய்வாள். அந்த வாசனைதான். வேறெதுவும் இல்லை. ஒரு கணம் என்னையும் அறியாமல் வாசல் பக்கம் திரும்பினேன், செருப்பைக் கழற்றுகிற சத்தத்துக்காக.

“அத்தான்,” என்று என் வாய் சொன்னதா, நான் நினைத்தேனா, தெரியவில்லை.

அக்கா சிரித்தாள். ஒன்பது மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கட்டிலின் தலைமாட்டுக்குப் போனாள். அங்கே சுவரில், தலையணைக்கு ஒரு முழம் மேலே, சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. ஒயர்கள் ஒன்று சேருகிற பெட்டி. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள்.

“நீயும் வெச்சுப் பாரு. காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி இருக்கும்.”

வைத்தேன். அப்படித்தான் இருந்தது. பெட்டியின் மூடி ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை, தேநீர் சிந்தி ஊறின மாதிரி. ஜன்னல் திரையின் நுனி அதை உரசிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், கதவு திறந்த அலமாரியில், தேய்த்த நான்கு சட்டைகள் தொங்கின.

முதலில் ஒரு நாளைக்கு ஒரு சட்டைதான் தேய்த்தாளாம். ஒரு சட்டைக்கு ஒரு சிமிட்டல். அது போதவில்லை. இப்போது ஐந்தையும் தேய்க்கிறாள். ஐந்தும் முடிந்தால் தண்ணீர் தெளித்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். தேய்க்கத் தேய்க்க அவர் அதிக நேரம் இருக்கிறாராம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் கையை எடுக்காமலே சொன்னாள், “அவரு கையால வெச்ச பெட்டி இது. யாரும் தொடக் கூடாது. நீயும்தான்.”

மறுநாள் டெஸ்ட் ரூமில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டெஸ்ட் ரூம் என்றால் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றும் இல்லை. நீளமான ஒரு அறை, இரண்டு மேசை, ஒரு தராசு, மின்தடை பார்க்கிற கருவி, கம்பியை இழுத்துப் பார்க்கிற மெஷின், அதை முன்னும் பின்னும் மடக்கி எத்தனையாவது மடக்கில் உடைகிறது என்று எண்ணுகிற மெஷின். சுவரோரம் இரண்டு ரேக். சிவப்புப் பெயின்ட் அடித்ததில் தாமிரக் கம்பி, வெள்ளை அடித்ததில் அலுமினியக் கம்பி. ஒவ்வொரு சுருளிலிருந்தும் ஒரு மீட்டர் வெட்டிக்கொண்டு வருவார்கள். அளந்து, எழுதி, ஒட்டுத்தாளில் எண் குறித்து நான் ரேக்கில் போடுவேன். மாதக் கடைசியில் எல்லாம் உருக்கப் போய்விடும்.

தொழிற்சாலையில் யாரும் தாமிரம், அலுமினியம் என்று சொல்வதில்லை. சிவப்பன், வெள்ளையன். ‘இன்னிக்குச் சிவப்பன் ஓடுது’, ‘வெள்ளையன் அறுந்துட்டான்’ என்றுதான் பேச்சு. இந்தப் பெயர்களை வைத்தவர் டெஸ்ட் ரூம் பொறுப்பாளர் என்று சொல்வார்கள். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக்ரோமீட்டர். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால்கூட ரொட்டியின் கனத்தைக் கண்ணால் அளந்து பார்த்துவிட்டுத்தான் கடிப்பார்.

நான் யாருடைய வீடு என்று சொல்லாமல் அவரிடம் கேட்டேன். சுவருக்குள் இருக்கிற சிவப்பனோடு வெள்ளையனை முறுக்கி டேப் சுற்றினால் என்ன ஆகும்?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பிடித்த விஷயம் கிடைத்துவிட்டால் அப்படித்தான் செய்வார். இரண்டு பேரையும் பற்றி அன்று அவர் சொன்னது எதுவும் எனக்குப் புதிது இல்லை, எல்லாம் நானே தினமும் அளந்து எழுதுகிறவைதான். ஆனால் அன்று ஒவ்வொன்றும் அந்தப் பழுப்புக் கறையைத் தொட்டுக்கொண்டு வந்தது.

சிவப்பன் கனமானவன். ஒரே அளவில் இரண்டு துண்டு எடுத்தால் வெள்ளையனுக்கு அவன் எடையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மின்சாரத்தை விடுவதில் சிவப்பன் கெட்டிக்காரன். அவன் செய்கிற வேலையைச் செய்ய வெள்ளையன் ஒன்றரை மடங்குக்குமேல் பருமனாக வர வேண்டும். அப்படிப் பருமனாக வந்தாலும் எடை பாதிதான். அதனால்தான் மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் வானத்தில் தொங்குவதெல்லாம் வெள்ளையன். மோட்டாருக்குள், சுவருக்குள், பிளக்குக்குள் மடங்கி, சுருண்டு, இடம் குறைவாக எடுத்துக்கொண்டு இருப்பவன் சிவப்பன். “ஒருத்தன் குடும்பஸ்தன், இன்னொருத்தன் ஊர்சுற்றி,” என்றார் மைக்ரோமீட்டர். “ரெண்டு பேரும் நல்லவனுங்கதான். ஒரே கட்டில்ல படுக்க வெச்சாத்தான் வில்லங்கம்.”

ஏன் என்றேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

வெள்ளையனைச் சுரண்டினால் பளபளப்பான், அவ்வளவுதான், அடுத்த நொடியே காற்றை இழுத்து மேலே ஒரு தோல் போர்த்திக்கொள்வான். கண்ணுக்குத் தெரியாத தோல். சட்டி பானைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் அது வரம்; துருவே ஏறாது. ஆனால் மின்சாரத்தை அது உள்ளே விடாது. சூடானால் இருவரும் நீளுவார்கள், வெள்ளையன் கொஞ்சம் அதிகமாக. ஆறினால் இருவரும் சுருங்குவார்கள், ஆனால் அழுத்திப் பிடித்த இடத்தில் வெள்ளையன் நசுங்கி நழுவிவிட்டிருப்பான், பழைய இடத்துக்குத் திரும்ப மாட்டான். ஒவ்வொரு நாளும் மயிரிழை மயிரிழையாகப் பிடி தளரும். தளர்ந்த இடம் இன்னும் சூடாகும். சுவரில் ஈரம் இருந்தால் கேட்கவே வேண்டாம், சிவப்பன் பக்கத்தில் இருக்கிற பாவத்துக்கு வெள்ளையன் வெள்ளை மாவாக உதிர்ந்துபோவான்.

“சேர்த்தே ஆகணும்னா?”

“நடுவுல மூணாவதா ஒரு ஆள் வேணும். அதுக்குன்னே கனெக்டர் இருக்கு. நேருக்கு நேர் கூடாது.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை அளந்தார். “எவ்வளவு நாளா விளக்கு சிமிட்டுது?”

ஒன்பது மாதம் என்று சொல்ல வந்து, இரண்டு வாரம் என்றேன். வாசனை வருகிறதா என்று மட்டும் கேட்டார். வருகிறது என்றதும், இன்று போகும்போதே சரிசெய்துவிடு என்றார். வாசனை வருகிறது என்றால் உறை உருகுகிறது. உறை உருகினால் அடுத்தது பக்கத்தில் இருப்பது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்றார்.

ஜன்னல் திரை. நான்கு சட்டைகள். அக்காவின் தலையணை. மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

உண்மையில் நேற்று அந்த வாசனை வந்த கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வினாடி அத்தான் வந்தார். அடுத்த வினாடி அந்த ஒரு மீட்டர் வந்தது.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு அக்காவுக்கு முதுகுவலி. ஜன்னலடியில் இருந்த மேசையை உயரமாக்கி உள்சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டார் அத்தான். பிளக்கும் விளக்கும் அங்கே வர வேண்டும். தானே செய்கிறேன் என்று இறங்கினார். இரண்டு ஒயரில் ஒன்றுக்கு வீட்டிலேயே துண்டு கிடைத்தது. இன்னொன்றுக்கு ஒரு மீட்டர் பற்றவில்லை. என் பெயரை விட்டுவிட்டு என்னைச் சோதனை என்றுதான் அவர் கூப்பிடுவார். கேன்டீனில் எல்லார் முன்னாலும், “வந்துட்டா பாரு என் சோதனை,” என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். அன்றும் அப்படிக் கூப்பிட்டு, உருக்கப் போகிற துண்டில் ஒன்று கொண்டு வா என்றார்.

அன்று சாயங்காலம் சிவப்பு ரேக் காலி. அந்த வாரம் முழுக்க வெள்ளையன்தான் ஓடியது. நான் வெள்ளை ரேக்கிலிருந்து கறுப்பு உறை போட்ட ஒன்றை எடுத்துப் பையில் சுருட்டிக்கொண்டேன். தினமும் இரண்டையும் அளந்து எழுதுகிற எனக்கு அது கூடாது என்று தெரியும். ஒரு மீட்டர்தானே, வீட்டு உபயோகம்தானே என்று நினைத்தேன். வெளியாள் யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடலாம். நாங்கள் இருவரும் தெரிந்தவர்கள். தெரிந்தவர்களுக்குத்தான், ஒரு வாரம் தாங்கும் என்பதும் தெரியும்.

அத்தான் அதன் முனையைப் பார்த்ததும் சிரித்தார். “ஏம்மா சோதனை, குடும்பத்துக்குள்ள ஊர்சுற்றியைக் கொண்டு வந்துட்டியே.” ஆனாலும் முறுக்கினார். “இப்போதைக்கு இருக்கட்டும். அடுத்த வாரம் சிவப்பன் ஒரு மீட்டர் கொண்டு வா, மாத்திடலாம்.”

சரி என்றேன். மறந்துபோனேன். அவரும் கேட்கவில்லை. அக்காவுக்கு முதுகுவலி சரியானது. ஒன்பது மாதம் ஓடியது. பஸ் நிறுத்தம் வந்தது.

அவர் இருந்தவரைக்கும் விளக்கு சிமிட்டவில்லை. அதை நான் பலமுறை யோசித்தேன். அப்போது வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்கா மொத்தத் துணியையும் தேய்ப்பாள். அவர் போன பிறகுதான் தினமும். தினமும் இணைப்பு சூடாகி, தினமும் ஆறி, தினமும் மயிரிழை தளர்ந்தது. அவள் அவரை நினைத்துத் தேய்க்கத் தேய்க்கத்தான் அவர் வர ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை மாலை மைக்ரோமீட்டரிடம் கேட்டே சிவப்பு ரேக்கிலிருந்து ஒரு மீட்டர் வாங்கிக்கொண்டேன். கடையில் ஒரு கனெக்டரும் புது மூடியும் வாங்கினேன். பையில் பிளையர், ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர். அக்கா வீட்டுப் படி ஏறும்போதே வாசனை வந்தது. அவள் ஆரம்பித்துவிட்டிருந்தாள்.

அவள் மூன்றாவது சட்டையில் இருந்தாள். விளக்கு இப்போது சட்டைக்கு ஒரு முறை இல்லை, மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. “இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டாரு,” என்றாள் என்னைப் பார்க்காமல். நெற்றியில் வியர்வை. முகம் மட்டும் கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தது.

நான் போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். மைக்ரோமீட்டர் சொன்னதையெல்லாம், தோல் போர்த்துவது, நீளுவது, நழுவுவது, மாவாக உதிர்வது எல்லாம். நடுவில் எங்கேயோ என் குரல் டெஸ்ட் ரூம் அறிக்கை படிக்கிற குரலாக மாறிவிட்டது. அது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் குரல் இல்லாவிட்டால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

அவள் முழுக்கக் கேட்டாள். அப்புறம் கேட்டாள், “அப்ப அந்த வாசனை?”

“ஒயர் உறை உருகுதுக்கா.”

“அந்த உறை யாரு போட்டது?”

நான் அதை எடுத்த வாரம் வெள்ளையனுக்குக் கறுப்பு உறை போட்ட மெஷின் ஒன்றுதான். அதில் நின்றது அத்தான்தான்.

“பாத்தியா,” என்றாள்.

அப்போதுதான் நான் மிச்சத்தையும் சொன்னேன். அந்த ஒயரைக் கொண்டு வந்து கொடுத்தது நான் என்று. அவர் மாற்றச் சொன்னார், நான்தான் மறந்தேன் என்று. இந்த வீடு எரிந்தால் அதை மூட்டியது நான் என்று. சொல்லிவிட்டு அவள் திட்டுவதற்காகக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கட்டிலில் உட்கார்ந்து தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதன் உறையில், பெட்டிக்கு நேர் கீழே, வெள்ளை மாவு கொஞ்சம் சிந்தியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். பவுடர் என்று நினைத்து இத்தனை நாளும் தட்டிவிட்டிருக்கிறாள்.

“தொறந்துக்கோ,” என்றாள். “நான் பாக்கணும்.”

மெயின் சுவிட்சை இறக்கினேன். ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. ஜன்னல் வெளிச்சம் மட்டும் மிச்சம். மூடியின் ஒரு திருகாணி வெந்து இறுகியிருந்தது. இன்னொன்று தொட்டதுமே கழன்று விழுந்தது. டெஸ்டரால் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தேன். டேப் இளகி, பாகு மாதிரி நூல் இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே சிவப்பன் பக்கம் கறுத்திருந்தது, அடியில் ஒரு பச்சைப் பொருக்கு. வெள்ளையன் பாதிக்குமேல் மாவாகியிருந்தான். மிச்சமிருந்த நாலைந்து இழைதான் இத்தனை நாளும் ஐந்து சட்டைகளைத் தேய்த்திருக்கிறது. சுவரைத் தொட்டேன். தீப்பிடிக்க இன்னும் ஒரு மாதமா, ஒரு வாரமா, அன்றைய ஐந்தாவது சட்டையா, என்னால் சொல்ல முடியவில்லை.

டேப்புக்குள் சுருண்டு ஒரு காகிதத் துண்டு இருந்தது. நான் ஒட்டின எண். ஓரம் கருகி, என் கையெழுத்தின் பாதி மட்டும் மிச்சமிருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் சரி என்று ஒரு குறி.

முறுக்கிய இடத்தை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து அக்காவின் கையில் வைத்தேன். பல்லி முட்டை அளவுகூட எடை இல்லை. அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் சிவப்பனை அளந்து வெட்டி, முனைகளைச் சீவி, கனெக்டரில் இறுக்கினேன். பிளக் பக்கம் இருந்த முனையையும் கழற்றி மாற்றினேன். புது மூடியை வைத்தேன். அவ்வளவு நேரமும் அவள் திரும்பவே இல்லை.

மெயினை ஏற்றியதும் பல்பு எரிந்தது. ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

“தேய்ச்சுப் பாருக்கா,” என்றேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அவள் துண்டை இடது கையில் மூடிக்கொண்டு, வலது கையால் பெட்டியை எடுத்தாள். நீலக்கட்டச் சட்டை. முதுகு. வலது கை. இடது கை. டிக் என்றது, அணைந்தது. டிக் என்றது, எரிந்தது. பொத்தான்களுக்கு நடுவில் முனையை விட்டு நிதானமாகத் தேய்த்தாள். காலருக்கு வந்தாள். விரலால் நீவினாள்.

பல்பு அசையவில்லை. அது அவ்வளவு வெளிச்சமாக எரியும் என்று நான் நினைத்ததில்லை. அறையின் மூலைகள் எல்லாம் தெரிந்தன. கட்டிலின் ஒரு பக்கம் மட்டும் பள்ளமாக இருந்தது தெரிந்தது. அக்காவின் நரைமுடி தெரிந்தது. அவள் காலரை மறுபடி தேய்த்தாள். மறுபடியும். துணி பளபளக்க ஆரம்பித்தது. நான் பெட்டியை வாங்கி நிமிர்த்தி வைத்தேன்.

அவள் கட்டிலின் தலைமாட்டுக்குப் போய்ப் புது மூடியின்மேல் கை வைத்தாள். சுவர் எப்படி இருக்குமோ அப்படி இருந்திருக்கும். கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், ஈரம் பட்டுவிட்ட மாதிரி.

நான் பழைய ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டேன். காகிதத் துண்டைத் தேடினேன், காணவில்லை. வாசனை இன்னும் இருந்தது, ஆனால் அது சுவரிலிருந்து வரவில்லை என்று பட்டது. என் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தேன். தினமும் கோட்டிங் பகுதியைத் தாண்டித்தான் வெளியே வருகிறேன்.

செருப்பைப் போடுகிறபோது அக்கா பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். கோபம் இல்லை. குரலில் ஒரு அவசரமும் இல்லை.

“இடது பக்கமா முறுக்கியிருக்காரு,” என்றாள். “பால் பாக்கெட்டு ரப்பரையும் அப்படித்தான் சுத்துவாரு. நொட்டாங்கை. ஏழு சுத்து, எண்ணிட்டேன். நானே முறுக்கிக்குவேன்.”

மூடியிருந்த கையைத் திறந்தாள். சிவப்பனும் வெள்ளையனும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். வெள்ளை மாவு அவள் ரேகைகளில் இறங்கியிருந்தது.

“திங்கக்கிழமை வரும்போது ஒரு மீட்டர் கொண்டு வாயேன், குட்டி. வெள்ளையனா இருக்கட்டும்.”